சன்சார்பூரின் பங்காளிகள்

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் ஆடிய ஹாக்கி வீரர்களுள் எழுவர் ஒரே சிற்றூரைச் சேர்ந்தவர்கள். ஐவர் இந்தியாவுக்காக ஆடினர். இருவர் கென்யாவுக்காக ஆடினர். ஊரின் பெயர் சன்சார்பூர். பஞ்சாபில், ஜலந்தர் ராணுவக் குடியிருப்பை ஒட்டி அமைந்தது. எழுவரும் குலார் என்னும் ஒரே குலப்பெயருக்கு உரியவர்கள்.

இந்திய அணியில் இருந்த ஐவர்: அஜித் பால் சிங், ஜக்ஜித் சிங், தர்செம் சிங், பல்பீர் சிங், இன்னொரு பல்பீர் சிங். அந்த அணியில் மூன்று பல்பீர் சிங்குகள் இருந்ததால் பஞ்சாப் காவல்துறை பல்பீர், ராணுவ பல்பீர், ரயில்வே பல்பீர் என்று அடைமொழியிட்டே அவர்களை வேறுபடுத்த வேண்டியிருந்தது. முதல் இருவரும் சன்சார்பூர்க்காரர்கள். தமிழகத்திலிருந்து முனீர் சேட்டும் பெருமாள் கிருஷ்ணமூர்த்தியும் அதே அணியில் இடம்பெற்றிருந்தனர். பரந்த நாடொன்று தேர்ந்தெடுத்த அணியில் ஓர் ஊரின் பங்கு ஐந்து என்றால், அதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது. மண்ணின் மகிமை, வீர இனத்தின் இரத்தம் என்ற வழக்கமான விளக்கங்களும் உதவாது. பக்கத்து ஊர்களிலும் அதே மண்தான்.

1846இல், முதலாம் ஆங்கிலேய-சீக்கியப் போரின் முடிவில், ஜலந்தர் தோவாப் பகுதி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதன்பின் ஜலந்தரில் ராணுவக் குடியிருப்பு எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹாக்கி இந்தியாவுக்கு வந்தபோது அது முதலில் வேரூன்றிய இடங்களுள் இத்தகைய குடியிருப்புகள் முதன்மையானவை. தியான் சந்த் உருவானதும் ராணுவத்தில்தான். சன்சார்பூர்ச் சிறுவர்கள் தம் ஊர் எல்லையிலேயே சிப்பாய்களின் ஆட்டத்தைக் கண்டார்கள். மரக்கிளையை வளைகோலாகக் கொண்டு அதைத் தம் ஊர்த் திடலில் ஆடத் தொடங்கினார்கள் என்று ஊர் மரபு சொல்கிறது. 1932 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அணியில் இவ்வூரின் குர்மீத் சிங் இருந்தார். சன்சார்பூரின் முதல் ஒலிம்பிக் வீரர் அவர்.

குலம் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பஞ்சாபின் ஜாட் சீக்கியரிடையே ஒரே குலத்தார் தமக்குள் மணவுறவு கொள்வதில்லை. ஆண்வழியில் அனைவரும் உடன்பிறந்தார் முறையினர். தமிழில் இவ்வுறவுக்கு அழகான சொல் ஒன்று உண்டு: பங்காளி. பாகம் பிரித்துக்கொள்ளும் உரிமையும், அதனாலேயே ஓயாத போட்டியும் அச்சொல்லுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. வரப்புத் தகராறில் எதிர் நிற்பவனும் பங்காளிதான். சாவு வீட்டில் முதலில் வந்து தோள் கொடுப்பவனும் பங்காளிதான். சன்சார்பூரின் மாலை ஆட்டங்களை விளங்கிக்கொள்ள இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது. அங்கே எதிரணி வேறெங்கிருந்தோ வரவில்லை. அடுத்த வீட்டிலிருந்து வந்தது.

குர்மீத் சிங்குக்குப் பின் வந்த பெரும்பெயர் உதம் சிங். 1928இல் பிறந்தவர். 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ என நான்கு ஒலிம்பிக்குகளில் ஆடி மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். மெல்போர்னில் இந்தியா ஒரு கோல்கூட வாங்காமல் தங்கம் வென்றது. அவ்வணியில் உதம் சிங்குடன் அதே ஊரின் குர்தேவ் சிங்கும் இருந்தார். டோக்கியோவில் தர்ஷன் சிங்கும் ஜக்ஜித் சிங்கும் உடனிருந்தனர். மெல்போர்ன் வெற்றியின்போது, 1947இல் பிறந்த அஜித் பாலுக்கு வயது ஒன்பது. இந்தியாவின் பிற பகுதிகளில் அந்த வயதுச் சிறுவனுக்கு ஒலிம்பிக் தங்கம் என்பது நாளிதழில் காணும் மங்கலான படம். சன்சார்பூர்ச் சிறுவனுக்கோ அது தன் தெருவில் நடந்து செல்லும் சித்தப்பா முறையுள்ள ஒருவர். எட்டிப்பிடிக்க முடியாதது என்று எண்ணத் தோன்றாத இந்த அண்மைதான் அவ்வூர் தன் பிள்ளைகளுக்கு வைத்திருந்த பெருஞ்சொத்து. பயிற்சியாளர், உடற்பயிற்சிக்கூடம், உணவுத்திட்டம் என்று இன்று அடுக்கப்படும் எதுவும் அன்று அங்கு இல்லை.

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் பதக்கப் பட்டியல்களிலிருந்து எழுதப்படுகிறது. பட்டியலின்படி சன்சார்பூரின் ஒலிம்பிக் வீரர்கள் 14 பேர்: இந்தியாவுக்கு 9, கென்யாவுக்கு 4, கனடாவுக்கு 1. இந்த எண்ணைச் சொல்லிவிட்டு வியந்து நிறுத்திக்கொள்வதே வழக்கம். ஆனால் ஹாக்கி தனியாக ஆடும் ஆட்டமன்று. அஜித் பால் சிங் நடுக்களத்தின் மையத்தில் ஆடியவர். முன்னேறி வரும் எதிரணியின் போக்கை முன்கூட்டியே உணர்ந்து பந்தைப் பறித்து, அதே அசைவில் தன் முன்வரிசைக்கு அனுப்பும் பணி அவருடையது. அத்தகைய ஒருவர் உருவாக வேண்டுமானால், நாள் தவறாமல் அவரை ஏமாற்ற முயன்று, நூறு முறை தோற்று, நூற்றோராவது முறை வென்றுகாட்டும் முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவன் எதிரில் இருந்தாக வேண்டும். அவனுடைய திறமை அளவுக்கே இவனுடைய திறமையும் கூர்மை பெறும். அந்த எதிராளிகளுள் சிலர் பின்னாளில் ஒலிம்பிக் சென்றனர். பெரும்பாலோர் செல்லவில்லை. வேறோர் ஊரில் பிறந்திருந்தால் மாவட்டத்துக்கே முதல்வனாக விளங்கியிருக்கக்கூடிய ஒருவன், இங்கே தன் தெருவில் ஆறாவது ஆளாக நின்றிருப்பான். அந்த ஆறாவது ஆளின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 14 என்ற எண்ணுக்குப் பின்னால் அதைப்போல் பன்மடங்கு இருந்திருக்க வேண்டிய இவர்களைக் கணக்கில் கொள்ளாமல் அவ்வெண்ணுக்கு விளக்கமே கிடையாது.

உடன் வளர்ந்தவர்கள் ஊரை விட்டு வெளியேறிய பின்னும் அந்தப் போட்டி ஓயவில்லை. அக்கால இந்திய ஹாக்கியில் ஆட்டத்துக்கென்று ஊதியம் கிடையாது. சீருடைப் பணிதான் சோறு போட்டது. காவல்துறை, ராணுவம், ரயில்வே, எல்லைப் பாதுகாப்புப் படை ஆகியவை வீரர்களை வேலைக்கு எடுத்துத் தத்தம் அணிகளில் ஆட வைத்தன. 1965இல் எல்லைப் பாதுகாப்புப் படை தொடங்கப்பட்டபின் அதன் ஹாக்கி அணி விரைவில் வலுப்பெற்றது; அஜித் பால் அதில் சேர்ந்தார். ஒரு பல்பீர் காவல்துறைக்கும் இன்னொரு பல்பீர் ராணுவத்துக்கும் போனார்கள். ஆகவே உள்நாட்டுப் போட்டிகளில் ஒரே தெருவின் பிள்ளைகள் வெவ்வேறு துறைகளின் சட்டையில் எதிரெதிரே நின்றனர். எதிராளி எந்தப் பக்கம் திரும்புவான், எப்போது பந்தை விடுவான் என்பது சிறுவயது முதல் தெரிந்திருக்க, அதைத் தாண்டி அவனை ஏமாற்ற வேண்டிய விந்தையான நிலை. அரசாங்க வேலை என்ற இந்தப் படிக்கட்டு இல்லாதிருந்தால் எத்தனை தங்கங்கள் வயலோடு நின்றிருக்கும் என்பதும் எண்ணிப்பார்க்கத் தக்கது. விவசாயக் குடும்பத்துக்குப் பதக்கம் பெருமை; காவல்துறைப் பணி நிச்சயமான மாத வருமானம். பிள்ளையை மாலையில் திடலுக்கு அனுப்பிய பெற்றோர் இரண்டாவதை மனத்தில் கொண்டிருந்தால் அதில் குறை காண ஒன்றுமில்லை.

கென்யாவின் கதைக்கு வேறொரு வேர். 1896இல் தொடங்கிய உகாண்டா ரயில்பாதைப் பணிக்காகப் பஞ்சாபிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அந்த வழித்தடத்திலேயே பின்னர் தச்சர்களும் எழுத்தர்களும் வணிகர்களும் சென்றனர். அவர்களோடு ஹாக்கியும் சென்றது. 1956 முதல் ஒலிம்பிக்கில் ஆடிய கென்ய அணிகளில் சீக்கியரும் கோவாவைச் சேர்ந்தவர்களும் நிறைந்திருந்தனர். மெக்சிகோவில் இந்தியாவும் கென்யாவும் வெவ்வேறு பிரிவுகளில் இருந்ததால் சன்சார்பூரின் ஐவரும் இருவரும் முதற்சுற்றில் மோதிக்கொள்ள நேரவில்லை. 1971இல் பார்சிலோனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் மூன்றாம் இடத்துக்காக இவ்விரு நாடுகளும் மோதின. இந்தியா 2-1 என வென்றது. பஞ்சாபின் திடல்களில் பிறந்த ஒரே ஆட்டமுறை இரண்டு கொடிகளின் கீழ் தன்னையே எதிர்த்து ஆடியது என்று அந்த ஆட்டத்தைச் சொல்லலாம்.

இக்கதையைச் சொல்பவர்கள் பொதுவாகத் தொடாத பகுதி ஒன்று உண்டு. பட்டியல் முழுவதும் ஒரே குலப்பெயரால் நிறைந்திருப்பது பெருமைக்குரிய செய்தியாகவே சொல்லப்படுகிறது. ஆனால் பஞ்சாபின் எந்தச் சிற்றூரும் நிலமுடைய குடிகளால் மட்டும் ஆனதன்று. அந்நிலங்களில் உழைத்த தலித் குடும்பங்களும் அங்கே வாழ்ந்தன. மாலைப்பொழுது என்பது எல்லோர்க்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. பகல் முழுதும் கூலிக்கு உழைத்த வீட்டுச் சிறுவனுக்கும் வயலுக்கு உரிமையாளரின் மகனுக்கும் பொழுது சாய்வதன் பொருள் வேறு. பதினால்வரில் பெண் ஒருவரும் இல்லை. ஒலிம்பிக்கில் மகளிர் ஹாக்கி சேர்க்கப்பட்டதே 1980இல்தான். எனவே சன்சார்பூரின் திடலை ஊர்த்திடல் என்று சொல்லும்போது அந்த ஊர் எது என்ற கேள்வியும் உடன் வருகிறது.

1968 அணிக்கு மெக்சிகோவில் தங்கம் கிட்டவில்லை. முதல் ஆட்டத்திலேயே நியூசிலாந்திடம் தோற்று, அரையிறுதியில் ஆஸ்திரேலியாவிடம் வீழ்ந்து, மேற்கு ஜெர்மனியை வென்று வெண்கலத்தோடு திரும்பியது. 1928இல் தொடங்கிய ஒலிம்பிக் பயணத்தில் இந்திய ஹாக்கி அணி இறுதியாட்டத்தை எட்டாதது அதுவே முதல் முறை. ஓர் ஊரிலிருந்து ஐவரைப் பெற்ற அணியே சரிவின் தொடக்கத்தைக் கண்ட அணியாகவும் அமைந்தது. 1972 மியூனிக்கிலும் வெண்கலமே. 1975 மார்ச் 15 அன்று கோலாலம்பூரில் பாகிஸ்தானை 2-1 என வென்று இந்தியா உலகக் கோப்பையைக் கைப்பற்றியபோது அணித்தலைவர் அஜித் பால் சிங். அதன்பின் இந்திய ஆடவர் அணி அக்கோப்பையை வென்றதில்லை.

மறு ஆண்டு, 1976இல், மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது. அங்கும் அணித்தலைவர் அஜித் பால்தான். இந்தியா ஏழாம் இடம் பெற்றது. இந்திய ஒலிம்பிக் அணியில் இடம்பெற்ற சன்சார்பூர்க்காரர்களுள் அவரே கடைசியானவர்.

மண் தரையிலும் இயற்கைப் புல்லிலும் பந்து துள்ளும், திசைமாறும், வேகம் குறைந்து நிற்கும். ஆகவே அதைக் கோலின் முனையிலேயே ஒட்டவைத்து, மணிக்கட்டின் சிறு திருப்பத்தில் எதிராளியை ஏமாற்றுபவனே தேர்ந்த ஆட்டக்காரன். சன்சார்பூர்த் திடல் தலைமுறை தலைமுறையாகக் கற்றுக்கொடுத்த வித்தை அதுதான். செயற்கைத் தரையில் பந்து வழுக்கிக்கொண்டு பாய்கிறது. நீண்ட தூர அடியும், ஓட்ட வேகமும், மூச்சுத்திறனும் முன்னுக்கு வந்தன. அதனினும் பெரிய மாற்றம் செலவில் நேர்ந்தது. மண் திடல் ஊருக்கு இலவசம். செயற்கைத் தரையை அமைக்கவும், நீர் தெளித்துப் பேணவும், தேய்ந்தபின் மாற்றவும் பெரும்பணம் வேண்டும். அது நகர விளையாட்டரங்குக்கு வரும், ஊர்த்திடலுக்கு வராது. ஆற்றல் மிக்க எதிராளி அடுத்த வீட்டில் இருக்கிறான் என்பது தேர்வில் வெல்லப் போதாமல் போயிற்று. இருவருமே தவறான தரையில் பழகிக்கொண்டிருந்தார்கள். அதே பத்தாண்டுகளில் தோவாப் பகுதியிலிருந்து இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் குடிபெயர்வு பெருகியது. திடலுக்கு வரவேண்டிய பிள்ளைகளின் வீடுகள் பூட்டப்பட்டன. பட்டியலில் கனடாவுக்குரிய அந்த ஒற்றைப் பெயர் இந்தக் குடிபெயர்வின் சுவடு. குலார்களுக்குத் திறமை வற்றிவிட்டது என்று எழுதுவோர் இவ்விரண்டு காரணங்களையும் ஒருங்கே மறந்துவிடுகின்றனர்.

ஜலந்தரைச் சுற்றிய நிலம் ஹாக்கியைக் கைவிட்டுவிடவில்லை. நகரை ஒட்டிய மித்தாபூரிலிருந்து பர்கத் சிங் வந்தார். 1992, 1996 ஒலிம்பிக்குகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். அவ்வூரில் அவரைக் கண்டு வளர்ந்த தலைமுறையில் மன்பிரீத் சிங்கும் மன்தீப் சிங்கும் ஒன்றாக ஆடிப் பழகினார்கள். இமாசலப் பிரதேசத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தின் மகனான வருண் குமாரும் அங்கேதான் கோல் பிடித்தார். 2021 ஆகஸ்டில் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் இந்தியா ஹாக்கியில் ஒலிம்பிக் பதக்கம் பெற்றபோது, மன்பிரீத் அணித்தலைவர். மற்ற இருவரும் அதே அணியில் இருந்தனர். மூவரின் பெயர்களையும் அடுத்தடுத்துப் படித்தால் அவற்றில் பொதுவான குலப்பெயர் எதுவும் இல்லை.