ஜூலும் கூல் லிப்பும்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 2015க்குப் பிறகு பரவிய ஜூல் மின்சிகரெட்டையும், நம் ஊர்ப் பள்ளி மாணவர்களின் பையில் சிக்கும் கூல் லிப் புகையிலைப் பொட்டலத்தையும் ஒப்பிடுவது முதலில் பொருந்தாததாகவே தோன்றும். முன்னது ஸ்டான்ஃபோர்டில் வடிவமைப்புப் படித்த இருவரின் மின்கருவி. பின்னது பெட்டிக்கடைச் சரக்கு. ஆனாலும் இரண்டையும் ஒரு மாணவனின் கண்ணால் பாருங்கள். நெருங்கிய உறவு புலப்படும்.

இரண்டுமே ஆசிரியரின் கண்ணுக்கும் மூக்குக்கும் தப்பும். ஜூல் பார்ப்பதற்குப் பென் டிரைவ் போலவே இருக்கும். மடிக்கணினியில் செருகி வகுப்பிலேயே சார்ஜ் ஏற்றலாம். கூல் லிப் உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுங்கிவிடும். கடைசி பெஞ்சில் இருப்பவனின் உதடு லேசாகப் புடைத்திருப்பது மட்டுமே அடையாளம். வீட்டுக்குப் போனால் சட்டையில் சிகரெட் நாற்றமும் இருக்காது.

வேதியியலில்தான் எனக்கு மிகப்பெரிய வியப்பு. இயல்பான நிக்கோடின் காரத்தன்மை உடையது. அதிக அளவில் இழுத்தால் தொண்டையைக் கமறச் செய்யும். ஜூல் தயாரித்தவர்கள் அதனுடன் பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து உப்பாக்கினார்கள். கமறல் அடங்கியது, 5 சதவீத நிக்கோடின் புதியவரின் தொண்டையிலும் எளிதாக இறங்கியது. வாயில் அடக்கும் புகையிலையின் மரபோ நேர் எதிரானது. அதில் சுண்ணாம்பைச் சேர்ப்பார்கள், ஏனென்றால் கார நிலையில்தான் நிக்கோடின் வாயின் உட்சவ்வை விரைவாகக் கடந்து ரத்தத்தில் கலக்கும். ஒன்றுக்கு அமிலம், மற்றதற்குக் காரம். ஒன்றுக்கு நுரையீரல், மற்றதற்கு ஈறு. வழி வேறானாலும் நோக்கம் ஒன்றே: நிக்கோடின் தடையின்றி உள்ளே போக வேண்டும். இரண்டிலும் மேற்பூச்சாகப் புதினாக் குளிர்ச்சி வேறு.

அபாயத்தைப் பற்றிய அறிவில் இரு தரப்பும் விலகுகின்றன. 15 முதல் 24 வயது வரையிலான ஜூல் பயன்பாட்டாளர்களில் 63 சதவீதம் பேருக்கு அதில் எப்போதும் நிக்கோடின் உண்டு என்பதே தெரியவில்லை என்று அமெரிக்காவில் 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. இங்கே அப்படி ‘தெரியாது’ என்று சொல்ல இடமில்லை. இந்தியப் புகையிலைப் பொட்டலத்தில் எச்சரிக்கைப் படம் கட்டாயம். வாய்ப் புற்றுநோயால் முகம் சிதைந்த ஒருவரைத் தெருவிலோ உறவிலோ பார்த்த பிள்ளைகளும் உண்டு. அங்கே அறியாமல் தொட்டார்கள், இங்கே அறிந்தே தொடுகிறார்கள். அப்படியானால் அறிவு ஏன் கையைத் தடுக்கவில்லை?

விடை, இருவரும் எதை அளவுகோலாகக் கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது. “இது சிகரெட் இல்லையே” என்பதுதான் இரு தரப்பின் வாதமும். பல ஆண்டு புகைத்த பெரியவர் முழுவதுமாக மின்சிகரெட்டுக்கு மாறினால் அந்த வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. சிகரெட்டே தொடாத பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அதில் நட்டம் மட்டுமே. கூல் லிப் விஷயத்தில் வாதம் இன்னும் பலவீனமானது: புகையற்ற புகையிலை மனிதரில் புற்றுநோயை உண்டாக்கும் என்பது ஐயமின்றி நிறுவப்பட்டது. மின்சிகரெட்டின் நெடுங்கால விளைவுகளைச் சொல்ல இன்னும் காலம் போதவில்லை. நிரூபணத்தை மட்டும் வைத்து எடை போட்டால், நம் மாணவனின் உதட்டில் இருப்பதே கொடியது.

ஆனால் இருவருமே கணக்கில் எடுக்காதது புற்றுநோயை விட அடிமைத்தனத்தைத்தான். இளம் புகைப்பழக்கத்தினரை ஆராய்ந்த உளவியலாளர் பால் ஸ்லோவிக், நெடுநாள் ஆபத்தை அறிந்தவர்களும் தாம் விரைவில் விட்டுவிடுவோம் என்று நம்புவதைச் சுட்டினார். “நினைச்சா நாளைக்கே விட்டுடுவேன்” என்று நம் பையன்கள் சொல்வதும் அதே நம்பிக்கைதான்.

தடைகளும் ஒரே மாதிரி வழுக்கின. அமெரிக்கா 2020இல் பெரும்பாலான சுவையூட்டிய மின்சிகரெட் குப்பிகளைத் தடுத்தது. விதிவிலக்குப் பெற்ற, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கருவிகளுக்குப் பிள்ளைகள் மாறினார்கள். தமிழ்நாடு 2013இல் குட்கா வகைகளைத் தடை செய்தது. சரக்கு பிற மாநிலங்களிலிருந்து வந்தது. கூல் லிப்பை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024இல் கேட்டதன் பின்னணி இதுவே.

பெரிய வேறுபாடு, பிள்ளையைப் பிடித்த பிறகு நடப்பதில். அமெரிக்காவிலும் தண்டனை உண்டு. கூடவே ஆண்டுதோறும் கணக்கெடுப்பு நடக்கிறது, கைபேசிக் குறுஞ்செய்தி வழியே பழக்கத்தை விட உதவும் திட்டமும் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் மின்சிகரெட் பிடிப்போர் 2019இல் 27.5 சதவீதமாக இருந்து 2024இல் 7.8 ஆகக் குறைந்தனர். வாங்கும் வயதை 21 ஆக்கியது, பெருந்தொற்றுக் காலம் எனக் காரணங்கள் பல என்றாலும், குறைந்தது தெரிகிறது. நம்மிடமோ 13 முதல் 15 வயது மாணவர்களைப் பற்றிய தேசிய அளவிலான கணக்கு 2019இல் எடுத்தது, அப்போதே 8.5 சதவீதம் பேர் ஏதோவொரு புகையிலையைப் பயன்படுத்தினர். பிடிபட்டவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது அடியும் டிசி மிரட்டலும்தான்.

நம்மிடமும் உதவி உண்டு. 1800-11-2356 என்ற தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண்ணுக்குக் கட்டணம் இல்லை. பொட்டலத்தைக் கண்டெடுத்த ஆசிரியரும் பெற்றோரும் தண்டனையை முடிவு செய்யும் முன், பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் பேச வையுங்கள்.