விக்கிக்குப் பூட்டு வந்த கதை

எங்க ஊர் ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளை கடற்கரைக்குத் தீர்த்தவாரி போவார். அங்கே முஸ்லிம்கள் வரவேற்று மரியாதை செய்வாங்க. ஊர்க்காரனுக்கு இது பழகின சங்கதி. ஆனா பேர் சொல்லாத ஒருத்தர் இதை விக்கிபீடியாவுல எழுதினா, எங்கயோ உக்காந்து காவல் பார்க்கிறவருக்கு 'யாரோ விளையாடுறான்'னு தோணலாம். ஒரே சொடுக்குல அழிச்சிடுவார். அப்போ யாரைத்தான் எழுத விடுறது? இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே இருக்கு நண்பர்களே.

1995-ல் வார்டு கன்னிங்காம் முதல் விக்கியை ஆரம்பிச்சப்போ, வர்றவங்க யார் வேணும்னாலும் திருத்தலாம்ங்கிறதுதான் யோசனையே. (ஹவாய் மொழியில விக்கின்னா சீக்கிரம். ஹொனலுலு விமான நிலையத்து பஸ்ஸோட பேர்லேருந்து எடுத்தாராம்!) 2000-ல் வந்த நூபீடியா நேர் எதிர். விஷயம் தெரிஞ்சவங்க எழுதணும், ஏழு கட்டச் சோதனை தாண்டணும். கட்டுரைகள் ஆமை வேகத்துல வந்துச்சு. அதுக்குத் துணையா 2001 ஜனவரி 15-ல் திறந்துவிட்ட விக்கிபீடியா நிலைச்சுது, நூபீடியாவை 2003-ல் மூடிட்டாங்க. தமிழ் விக்கிபீடியா தொடங்கினதும் அதே 2003-ல்தான்.

பெரிய அடி 2005-ல் விழுந்தது. ஜான் சீகன்தாலர்னு ஒரு அமெரிக்கப் பத்திரிகையாளர். அவரைக் கென்னடி கொலையோட முடிச்சுப்போட்டு மே மாசம் யாரோ ஒரு பக்கம் எழுதிட்டுப் போயிட்டார். கிட்டத்தட்ட அத்தனையும் பொய். நாலு மாசத்துக்கு மேல அப்படியே கிடந்தது! நவம்பர்ல அவரே பத்திரிகையில எழுதி நாறடிச்சார். டிசம்பர்ல ஆங்கில விக்கிபீடியா, கணக்கு இல்லாதவங்க புதுப் பக்கம் தொடங்கக் கூடாதுன்னுடுச்சு. வம்புப் பக்கங்களுக்கு அரைப்பூட்டும் அப்பதான் வந்தது, அதாவது புதுசா வந்தவங்க மட்டும் கை வைக்க முடியாது.

அப்புறம் ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு வழி. ஜெர்மன்காரங்க 2008-ல், புதியவங்க திருத்தத்தை ஒருத்தர் சரிபார்த்த பிறகே வாசகருக்குக் காட்ட ஆரம்பிச்சாங்க. போர்ச்சுகீசியத்துல 2020-லிருந்து கணக்கு இல்லாம கட்டுரையைத் திருத்தவே முடியாது.

ஜெர்மன் வழி கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சரிபார்க்க ஆள் வேணுமே சாமி! கிள்ளைத் திருவிழா தெரிஞ்ச ஒருத்தர் வர்ற வரைக்கும் அந்த வரி வரிசையில நின்னுக்கிட்டே இருக்கும். அதுக்குப் பதிலா, அவசரத்துல தப்பா அழிச்சாக்கூட எனக்குச் சம்மதம். ஏன்னா அழிச்ச வரி சாதாரணமா 'வரலாறு' பக்கத்துல பத்திரமா இருக்கும். பத்திரிகைச் செய்தி ஒண்ணை ஆதாரமா வச்சு யாரும் மீட்டுடலாம்.

ஆமா, பக்கத்துக்குத் தலைப்பு ஸ்ரீமுஷ்ணமா, திருமுட்டமா? அந்தச் சண்டைக்குப் பூட்டெல்லாம் பத்தாது, பேச்சுப் பக்கத்துலதான் உருண்டு புரளணும் :)