சங்கர் சிமெண்ட் மூட்டையும் மஞ்சள் ஜெர்சியும்: ஒரு அணி எப்படிக் கட்டப்படுகிறது?

2008 கோடை லீவு. பூதப்பாண்டியில எங்க வீட்டுக்கு மட்டுப்பா போட்டாங்க. சென்னைக்காரங்களுக்கு, மட்டுப்பான்னா காங்கிரீட் மொட்டை மாடி. அதுக்குக் காலையும் சாயங்காலமும் தண்ணி விடுறது என் வேலை. "லே மக்கா, நான் சொல்றவரைக்கும் பலகையப் பிரிக்கப்பிடாது"ன்னு கொத்தனார் தினமும் சொல்லிட்டுப் போவார். ராத்திரி டிவியில முதல் ஐபிஎல். முற்றத்துல காலி சங்கர் சிமெண்ட் சாக்குகள்.

அந்தச் சாக்குக்கும் டிவியில ஓடின மஞ்சள் ஜெர்சிக்கும் ஒரே முதலாளின்னு அப்போ எனக்குத் தெரியாது. திருநெல்வேலிக்கு அந்தப் பக்கம் தாழையூத்துல தொடங்கின இந்தியா சிமெண்ட்ஸ், சென்னை லீக்குல பல வருஷம் கிரிக்கெட் அணிகள் நடத்தி, வீரர்களுக்கு வேலையும் கொடுத்த கம்பெனி. ராகுல் திராவிட்கூட அங்கே ஊழியரா இருந்தவர்தான். 2008-ல 9.1 கோடி டாலர் கொடுத்து சென்னை அணியை வாங்கினாங்க.

ஒரு அணியை வருஷக்கணக்கா ஜெயிக்கிற நிலையில வச்சிருக்கிற வேலைக்கு அமெரிக்க பாஸ்கெட்பால்ல 'ஜெனரல் மேனேஜர்'னு தனிப் பதவியே இருக்கு. அங்கே ஒரு வசதியும் உண்டு. மோசமா தோத்த அணிக்கு, அடுத்த வருஷம் புதுசா வர்ற நல்ல பையன்களை முதல்ல எடுக்குற வாய்ப்பு அதிகம். பிலடெல்பியாவில சாம் ஹிங்கி இதையே திட்டமாக்கினார். அவர் கட்டின அணி 2015-16 சீசன்ல 82 மேட்ச்ல 10-தான் ஜெயிச்சது.

ஐபிஎல்-ல இந்த வித்தை செல்லாது. கடைசியா வந்தாலும் முதலா வந்தாலும் ஏலத்துக்கு எல்லாருக்கும் ஒரே வரம்புதான். போதாக்குறைக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை மெகா ஏலம் வந்து கட்டின அணியைக் கலைச்சுப் போட்டுடும். அதனால இங்கே மிச்சம் இருக்கிற முதல் ரெண்டே ரெண்டுதான்: கணக்கு, அப்புறம் ஆளைப் பற்றின கணிப்பு.

கணக்கை முதல் ஏலத்துலயே பார்க்கலாம். மும்பைக்குச் சச்சின், டெல்லிக்குச் சேவாக்னு ஐந்து அணிகளுக்கு 'ஐகான்' வீரர்கள். அந்த அணியில அதிக விலைக்குப் போறவரைவிட ஐகானுக்கு 15 சதவீதம் கூடுதலா கொடுக்கணும். மொத்தப் பை 50 லட்சம் டாலர். மும்பை தோனியை 15 லட்சத்துக்கு எடுத்தா, சச்சினுக்கு 17.25 லட்சம். ரெண்டு பேருக்கே 32.25 லட்சம் காலி. ஐகான் இல்லாத சென்னைக்கு அந்தச் சுமை இல்ல. தோனி 15 லட்சத்துக்குச் சென்னைக்கு வந்தார்.

கணிப்பு வேற ஒருத்தருடையது. அன்னைக்கு அணித் தேர்வைப் பார்த்துக்கிட்டவர் வி.பி. சந்திரசேகர். தமிழ்நாட்டுக்கு ரஞ்சிக் கோப்பை ஜெயிச்ச அணியோட தொடக்க ஆட்டக்காரர். ஏலத்துக்கு முன்னாடி சீனிவாசன் சேவாக் பேரைச் சொன்னப்போ, தோனிதான் வேணும்னு நின்னவர் இவர்தான். 2019 ஆகஸ்ட்ல சந்திரசேகர் இறந்துட்டார். கோப்பையோட நிக்கிற போட்டோக்கள்ல நாம அவரைத் தேடுறதில்ல.

அதுக்கப்புறம் நடந்தது பொறுமை. முதல் சீசன்ல ஆடின ஸ்டீபன் பிளெமிங் 2009-ல பயிற்சியாளர் ஆனார், இன்னமும் அவர்தான். 2008-ல அணிக்கு வந்த அஸ்வினுக்கு அந்த வருஷம் ஒரு மேட்ச்கூட இல்ல. 2011 ஃபைனல்ல முதல் ஓவர்லயே கிறிஸ் கெயிலை டக் அவுட் ஆக்கினது அதே அஸ்வின். 2008-லேருந்து 2023 வரைக்கும் ஆடின 14 சீசன்ல 10 ஃபைனல், 5 கோப்பை.

இடையில ரெண்டு சீசன் குறையுதே, அதையும் சொல்லணும். கிரிக்கெட் வாரியத்தோட பொருளாளர், செயலாளர், தலைவர்னு இருந்தவரே அணிக்கும் முதலாளி. அதுக்கு இடம் கொடுத்த விதித் திருத்தத்தை 2015 ஜனவரியில உச்ச நீதிமன்றம் ரத்து செஞ்சது. அதே வருஷம், பெட்டிங் விவகாரத்துல லோதா குழு அணிக்கு ரெண்டு வருஷத் தடை போட்டது. கட்டடம் நல்லா இருந்துச்சுங்கிறதால மனை விவகாரத்தை மறைக்க முடியாது.

எனக்கு முக்கியமான வருஷம் 2020. முதல்முறையா பிளே-ஆஃப் போகல, எட்டுல ஏழாவது இடம். ருதுராஜ் கெய்க்வாட்னு 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கின பையன், முதல் மூணு இன்னிங்ஸ்ல அடிச்சது 0, 5, 0. இளம் வீரர்கள்கிட்ட பொறி தெரியலன்னு தோனியே சொன்னார். ஆனா அந்தப் பையன் கொரோனா வந்து, தனிமையில இருந்து, சரியான பயிற்சியே இல்லாம வந்தவன். மறுபடி இறக்கினாங்க. வரிசையா மூணு அரைசதம். அடுத்த வருஷம் 635 ரன், ஆரஞ்சு கேப், கோப்பை.

போன வருஷம் எங்க ஆபீஸ் டீம்ல புதுசா ஒரு பையன் சேர்ந்தான். ரெண்டு ஸ்பிரிண்ட் சொதப்பல். வச்சுக்கலாமான்னு மேனேஜர் கேட்டப்போ வேண்டாம்னு சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன். இப்போ இன்னொரு டீம்ல அவன்தான் எல்லாரும் சந்தேகம் கேக்குற ஆள். ஏன் சொதப்புறேன்னு அன்னைக்கு நான் அவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. காரணம் தெரிஞ்சு காத்திருக்கிறதுதான் பொறுமை. நான் காரணத்தையும் கேக்கல, காத்திருக்கவும் இல்ல.

பழக்கத்துக்காகக் காத்திருக்கிறதும் உண்டு. 2025-ல ருதுராஜ் காயம் பட்டதும், 43 வயசுல தோனி மறுபடி கேப்டன். சென்னை முதல்முறையா கடைசி இடத்துல முடிச்சது. அந்த ஒரு முடிவு மட்டுமே காரணம்னு நான் சொல்லல. ஆனா எங்க கொத்தனார் பலகையைச் சீக்கிரம் பிரிக்கவும் விடல, மறந்துட்டு அப்படியே விட்டுட்டுப் போகவும் இல்ல. மூணு வாரம் கழிச்சு வந்தார், மட்டுப்பாவுல ஏறிக் குதிகாலால ரெண்டு தட்டு தட்டினார், அப்புறம்தான் பிரிக்கச் சொன்னார்.

அந்தப் பையனுக்கு இன்னைக்கு ஒரு மெசேஜ் அனுப்பப் போறேன். பதில் வந்தா அடுத்த எபிசோடுல சொல்றேன். வரட்டுமா மக்களே.