கை பலத்திலேயே கம்பியும் குழாயும் வளைந்தது எப்படி? வீடு கட்டுவோர் இதைத் தெரிஞ்சுக்கணும்

பெங்களூருவில் எந்தப் பேட்டைக்குப் போனாலும் புதுக் கட்டட வாசலில் இதைப் பார்த்திருப்பீங்க: தடித்த மரப்பலகை, அதில் அடித்த இரும்பு முளைகள், நீளமான ஒரு நெம்புகோல். கம்பி கட்டுபவர் முறுக்குக் கம்பியை முளைகளுக்கு நடுவே செருகி இழுக்கிறார், ரிங் தயார். இது கம்பி வளைக்கும் பழைய முறை. சிவனசமுத்திர மின்சாரத்தில் 1905-ல்தான் இந்த நகரின் தெருவிளக்குகள் எரிந்தன. அதற்கு முன்பு பட்டறைகளுக்கு இருந்தது கை பலமும் உலைச் சூடும்தான்.

அவ்வளவு பலம் எங்கிருந்து வருது?

நெம்புகோலில் இருந்துதான். கைப்பிடி 1 மீட்டர், வளைக்கும் இடம் மையத்திலிருந்து 10 செ.மீ. என்றால், 30 கிலோ அழுத்தம் சுமார் 300 கிலோவாக மாறும். ஆனா பலம் மட்டும் போதாது. எதைச் சுற்றி வளைக்கிறோம் என்பதும் முக்கியம்.

வளையும்போது உள்ளே என்ன நடக்குது?

வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டு நீள்கிறது. உள்பக்கம் நெருங்கிச் சுருங்குகிறது. சின்ன முளையைச் சுற்றி இறுக்கி வளைத்தால் வெளிப்பக்கம் விரிசல் விடலாம். கைவிட்டதும் கம்பி கொஞ்சம் திரும்பி நிமிரும். அதனால்தான் 90 டிகிரி வேணும்னா, அனுபவசாலிகள் சற்றுக் கூடுதலாக வளைக்கிறார்கள்.

குழாய்க்கு ஏன் தனி இயந்திரம்?

குழாயின் உள்ளே வெற்றிடம். அப்படியே வளைத்தால் நடுவில் நசுங்கிவிடும். பழைய பட்டறைகளில் காய்ந்த மணலை இறுக்கி நிரப்பி, இரு முனையையும் அடைத்து, சூடேற்றி வளைத்தார்கள். மணலில் ஈரம் இருந்தால் ஆபத்து: சூட்டில் நீராவி உண்டாகி அடைப்பு வெடித்துத் தெறிக்கும்.

கை இயந்திரம் இதற்கு வேறு வழி கண்டது. குழாயின் பாதி உருண்டை பதியும் அளவுக்குப் பள்ளம் வெட்டிய சக்கரம் ஒன்று, எதிரே அதே போன்ற உருளை. கைப்பிடியைச் சுற்றினால் உருளை குழாயைச் சக்கரத்தோடு அணைத்தபடி நகரும். பக்கவாட்டில் பிதுங்க இடமில்லாததால் குழாய் எளிதில் நசுங்காது. கேட் வளைவு போன்ற பெரிய வட்டத்துக்கு மூன்று உருளை இயந்திரம்: நடு உருளையைத் திருகித் திருகி இறக்கி, குழாயை முன்னும் பின்னும் ஓட்டுவார்கள்.

உங்க வீட்டுக்கு இதில் என்ன இருக்கு?

ஐ.எஸ். 1786 தரநிலையின் வளைப்புச் சோதனையில், எஃப்.இ. 500 ரகக் கம்பியை (20 மி.மீ. வரை) அதன் தடிமனைப் போல 4 மடங்கு விட்டமுள்ள உருளையைச் சுற்றி வளைப்பார்கள், விரிசல் வரக் கூடாது. அதாவது 8 மி.மீ. கம்பிக்கு உருளை 32 மி.மீ. உங்க தளத்திலுள்ள முளை ஆணி மாதிரி மெலிசா இருந்தால், மேஸ்திரியிடம் கேளுங்க.

இன்னும் மூன்று விஷயம் பாருங்க:

• டி.எம்.டி. கம்பியை நெருப்பில் காய்ச்சி வளைக்க விடாதீங்க. அதன் கடினமான வெளி அடுக்கு பலம் இழக்கும்.
• தப்பாக வளைத்த கம்பியை நிமிர்த்தி, அதே இடத்தில் மறுபடி வளைக்க வேண்டாம்.
• வளைவின் வெளிப்பக்கத்தைத் துடைத்துப் பாருங்க; விரிசல் கண்ணில் பட்டால் அந்தத் துண்டை ஒதுக்கிடுங்க.

இன்று மோட்டார் இயந்திரங்கள் நிமிடத்தில் பல ரிங் வளைக்கின்றன. விதி மட்டும் மாறவில்லை. கான்கிரீட் ஊற்றிய பிறகு எந்த வளைவையும் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியதை அதற்கு முன்பே பார்த்துடுங்க.