எங்கே, எப்போது, எது: கணினித் தொலைநோக்கி வந்த வழி

தொலைநோக்கி ஒரு பொருளை எவ்வளவு பெரிதாக்கிக் காட்டுகிறதோ அவ்வளவுக்குக் கண்ணுக்கு எட்டும் வானத்தைச் சுருக்கிவிடுகிறது. 50 மடங்கு உருப்பெருக்கம் தரும் எளிய கருவியின் கண்வில்லை வழியே ஒரு நேரத்தில் தெரியும் பரப்பு, குறுக்களவில் ஏறத்தாழ 1 பாகை, அதாவது முழுநிலவின் அகலத்தைப் போல் இரு மடங்குதான். அடிவானத்துக்கு மேலுள்ள அரைக்கோளத்தை அப்படிப்பட்ட வட்டங்களாகப் பிரித்துக் கணக்கிட்டால் அவை ஏறத்தாழ 26,000 வரும். புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் நிலவையும் வியாழனையும் பார்த்து மகிழ்ந்த பின், மங்கலான பேரடை ஒன்றையோ நெபுலா எனப்படும் வளிமேகத்தையோ தேடி இரவெல்லாம் சலித்து, கடைசியில் கருவியைப் பரணில் ஏற்றிவிடுவது நெடுங்காலம் நடந்துவந்தது. அந்தத் தேடலைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வதற்காகவே கணினித் தொலைநோக்கி உருவாயிற்று. பயன்படுத்துபவரிடம் அது கேட்பவை மூன்று கேள்விகளே: நிற்கும் இடம் எங்கே, இப்போது நேரம் என்ன, எதிரே தெரியும் விண்மீன் எது. இக்கேள்விகள் கணினிக்கு நெடுங்காலம் முந்தியவை. வானாய்வகங்கள் இருநூறு ஆண்டுகளாகப் பெரும் பொருளையும் உழைப்பையும் செலவிட்டு விடை தேடியவை.

வில்லியம் ஹெர்ஷல் 1789-இல் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் கட்டி முடித்த 40 அடித் தொலைநோக்கியும், அதைவிட மிகுதியாக அவர் பயன்படுத்திய 20 அடிக் கருவியும், பெரிய மரச்சட்டங்களில் கயிறும் கப்பியும் கொண்டு நகர்த்தப்பட்டவை. அடிவானத்திலிருந்து மேலே ஏறும் உயரக்கோணத்தை ஓர் அச்சும், வடக்கிலிருந்து சுற்றி அளக்கும் திசைக்கோணத்தை மற்றோர் அச்சும் மாற்றுகின்ற இந்த அமைப்பை உயர-திசை ஏந்தம் எனலாம்; ஏந்தம் என்பது தொலைநோக்கிக் குழலைத் தாங்கித் திருப்பும் பகுதி. கட்டுவதற்கு இது எளிது, ஆனால் புவி சுழல்வதால் ஒரு விண்மீன் இவ்விரு கோணங்களிலும் ஒரே சமயத்தில், நிமிடத்துக்கு நிமிடம் மாறும் வேகத்தில் நகர்கிறது என்பதால், கையால் அதைத் தொடர்ந்து செல்வது கடினம். ஹெர்ஷல் துரத்துவதையே கைவிட்டார்: குழலைத் தெற்கு நோக்கி நிறுத்தி, உதவியாளர் அதை மெல்ல ஏற்றி இறக்க, வானம் தானே நகர்ந்து வரும்படி விட்டு, கண்ணில் பட்டதை உரக்கச் சொன்னார், தங்கை கரோலின் ஹெர்ஷல் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, பின்னர் ஒவ்வொன்றின் இடத்தையும் கணக்கிட்டார். ஏறத்தாழ 2,500 நெபுலாக்களும் விண்மீன் கொத்துகளும் இவ்வாறு பட்டியலில் ஏறின. இன்று தொலைநோக்கியை இயக்கும் கைக்கருவிக்குள் இருக்கும் சிறு சில்லு செய்கின்ற கணக்கின் பெரும்பகுதியை அன்று ஒரு பெண் விளக்கொளியில் அமர்ந்து செய்தார் என்பது இந்த வரலாற்றில் முதலில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

இயந்திரத்தின் வழியாக வந்த விடை 1824-இல் யோசப் பிரான்ஹோபர் செய்த தொலைநோக்கியில் முழுமை பெற்றது. இன்று எஸ்டோனியாவின் டார்ட்டு என வழங்கும் டோர்பாட் நகருக்கு அனுப்பப்பட்ட அக்கருவியின் வில்லை 24 செ.மீ. குறுக்களவு கொண்டது, அதைவிடப் புதுமையானது அதன் ஏந்தம். ஓர் அச்சைப் புவியின் அச்சுக்கு இணையாக, வானத் துருவத்தை நோக்கிச் சாய்த்துவிட்டால், விண்மீனைத் தொடர அந்த ஓர் அச்சை மட்டும் ஒரே சீரான வேகத்தில் சுழற்றினால் போதும். எடை தொங்கவிட்ட கடிகாரப் பொறி அவ்வேலையைச் செய்தது. இதுவே நடுவரை ஏந்தம். வானக்கோளத்தில் நிலநெட்டாங்கு போன்று கிழக்கு மேற்காக அளப்பது வல ஏற்றம், நிலநேர்க்கோடு போன்று வடக்கு தெற்காக அளப்பது நடுவரை விலக்கம். இவ்விரண்டையும் குறிக்கும் பாகை வட்டங்கள் அச்சுகளில் பொருத்தப்பட்டிருந்ததால், பட்டியலில் உள்ள எண்களைப் பார்த்துக் குழலைத் திருப்ப முடிந்தது. அங்கிருந்த வானியலாளர் வில்ஹெல்ம் ஸ்ட்ரூவ இக்கருவியால் சில ஆண்டுகளிலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டை விண்மீன்களைத் தொகுத்தார். அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு நல்ல தொலைநோக்கி என்றாலே நடுவரை ஏந்தம் என்றாயிற்று.

அவ்வேந்தம் பயன்பட வேண்டுமானால் முதலிரண்டு கேள்விகளுக்கும் திருத்தமான விடை வேண்டும். துருவத்தின் உயரம் நிற்கும் இடத்தின் நிலநேர்க்கோட்டு அளவுக்குச் சமம் என்பதால் இடம் தெரியாமல் அச்சைச் சாய்க்க இயலாது. வல ஏற்றத்தைப் பயன்படுத்த உள்ளூர் நேரம் தெரிய வேண்டும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்த வானாய்வகத்தின் முதல் பணிகள் இவையே. கருவி அசையாதிருப்பதற்காக அங்கே நிறுத்திய கருங்கல் தூணில் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. ஜான் கோல்டிங்ஹாம் அவ்விடத்தின் நிலநெட்டாங்கை அளந்து 1802-இல் சென்னை நேரத்தை நிலைநாட்டினார். கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்திய அந்த நேரத்தையே இந்திய ரயில்வே பல ஆண்டுகள் பின்பற்றியது. 1906-இல்தான் இந்திய நிலைநேரம் நடைமுறைக்கு வந்தது. ஒரு வானாய்வகம் ஆண்டுக்கணக்கில் உழைத்து அடைந்த இடமும் நேரமும், இன்று மொட்டைமாடியில் நிற்பவர் கைக்கருவியில் ஊர்ப்பெயரைத் தேர்ந்து மணியைத் தட்டும் சில நொடிகளுக்குள் அடங்கியுள்ளன.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணினி பெருந்தொலைநோக்கிகளுக்குள் நுழைந்தபோது, கைவிடப்பட்டிருந்த பழைய ஏந்தம் மீண்டும் உயிர் பெற்றது. ஆஸ்திரேலியாவின் சைடிங் ஸ்பிரிங்கில் 1974-இல் திறக்கப்பட்ட 3.9 மீட்டர் ஆங்கிலோ-ஆஸ்திரேலியத் தொலைநோக்கி நடுவரை ஏந்தத்தில் அமைந்ததே என்றாலும், குழல் தன் எடையால் வளைவது, அச்சுகள் சிறிது கோணலாயிருப்பது போன்ற குறைகளை அளந்து கணினியே திருத்தும் முறை அங்கே செம்மையுற்றது. காக்கசு மலைப்பகுதியில் சோவியத் அறிஞர்கள் நிறுவி 1975-இல் வானை நோக்கிய 6 மீட்டர் தொலைநோக்கியோ, இரு அச்சுகளையும் கணினி தனித்தனி வேகத்தில் சுழற்றும் என்ற துணிவில், ஹெர்ஷல் காலத்து உயர-திசை ஏந்தத்துக்கே திரும்பியது. கயிறும் ஆளும் செய்ய முடியாததை இடைவிடாத கணக்கு செய்தது.

ஆர்வலர்களிடம் இம்மாற்றம் வர இன்னும் சில ஆண்டுகள் ஆயின. கலிபோர்னியாவில் டாம் ஜான்சன் நடத்திய செலஸ்ட்ரான் நிறுவனம் 1970-இல் வெளியிட்ட 20 செ.மீ. சி8, நீண்ட ஒளிப்பாதையைக் குட்டையான குழலுக்குள் மடித்து அடக்கி, ஒருவரே தூக்கிச் செல்லக்கூடிய கருவியைப் பலர் கைக்கு எட்டச் செய்தது. அதே நிறுவனம் 1987-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த காம்ப்யூஸ்டார், பொருளின் எண்ணைத் தட்டினால் தானே திரும்பி அதை நோக்கும் முதல் வணிகத் தொலைநோக்கியாகக் கருதப்படுகிறது; ஆனால் அதன் விலை பெரும்பாலோருக்கு எட்டவில்லை. ஆர்வலர் உலகில் இம்முறைக்குப் பெயரே கோ-டூ என்றாகிவிட்டது. விலையைவிட நுட்பமான தடை ஒன்றும் இருந்தது. முக்காலியைச் சமமாக நிறுத்தாவிட்டாலும் கருவிக்கு வானம் புரிய வேண்டும். ஜப்பானியப் பொறியாளர் தொஷிமி தாக்கி 1989-இல் ஸ்கை அண்டு டெலஸ்கோப் இதழில் எழுதிய கட்டுரை, இரண்டு விண்மீன்களை நோக்கிய கோணங்கள் தெரிந்தால் போதும், சாய்வு எப்படியிருப்பினும் அணிக் கணக்கின் மூலம் வானத்தின் எந்த இடத்தையும் ஏந்தத்தின் கோணங்களாக மாற்றலாம் என்பதை எவரும் நிரல் எழுதிப் பார்க்கும் அளவுக்குத் தெளிவாகக் காட்டியது. தன் கருவியைத் தானே கட்டிய ஆர்வலர் பலருக்கு அது கைவிளக்கு. மீட் நிறுவனத்தின் எல்எக்ஸ்200 1992-இல் இம்முறையைப் பரவலாக்க, 1999-இல் அந்நிறுவனத்தின் 90 மி.மீ. இடிஎக்ஸ் கருவிக்கான ஆட்டோஸ்டார் கைக்கருவியும், செலஸ்ட்ரானின் நெக்ஸ்டார் 5 தொலைநோக்கியும் அதைத் தொடக்கநிலையாளரிடம் சேர்த்தன.

இவற்றின் உள்ளமைப்பு எளிதாக விளங்கக்கூடியது. ஒவ்வோர் அச்சிலும் ஒரு மோட்டாரும், பற்சக்கர வரிசையும், நுண்ணிய பிளவுகள் கொண்ட வட்டத்தட்டு வழியே ஒளித்துடிப்புகளை எண்ணி எவ்வளவு சுழன்றது என்று அறியும் குறியாக்கியும் உள்ளன. கருவியை இயக்கும் தருணத்தில் இந்த எண்ணிக்கைக்குப் பொருள் ஏதும் இல்லை. அதை வானத்தோடு பிணைக்கும் சடங்கே ஒருங்கமைத்தல்.

அது முறையாக நடக்கும்போது, முதலில் முக்காலி உறுதியான தரையில் நீர்மட்டக் குமிழி நடுவில் நிற்கும்படி வைக்கப்படுகிறது. நுங்கம்பாக்கத்துத் தூண் ஒரே தடவையில் நிரந்தரமாகச் செய்ததை இங்கே ஒவ்வோர் இரவும் புதிதாகச் செய்ய வேண்டும். சமம் சிறிது பிசகினாலும் இரண்டு விண்மீன் கணக்கு அதை ஈடுசெய்துவிடும், ஆயினும் கருவி முதல் விண்மீனை நெருங்கிச் செல்ல அச்சமம் உதவுகிறது. பின்னர் இடம், நேரம், நாள். நெக்ஸ்டார் போன்ற கைக்கருவிகள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் கேட்பதால், மார்ச் 5 என்பதை மே 3 என்று பதிந்துவிடும் தவறு இந்தியப் பயனாளரிடம் எளிதில் நேர்கிறது. 59 நாள் வேறுபாட்டில் வானம் ஏறத்தாழ 58 பாகை தள்ளிப்போகும், கருவி வீட்டுச் சுவரையே நோக்கி நிற்கும். கோடைக்கால நேரமா என்ற கேள்விக்கு இங்கே எப்போதும் நிலைநேரம் என்பதே விடை. மணியில் 4 நிமிடம் தவறினால் வானத்தில் 1 பாகை தவறும். கண்வில்லையின் முழு அகலமே அவ்வளவுதான்.

மூன்றாவது கேள்வியில்தான் தமிழ் வாசகருக்கு எதிர்பாராத உதவி ஒன்று இருக்கிறது. கைக்கருவித் திரையில் ஓடும் பெயர்கள் அரபு, கிரேக்க, இலத்தீன் மொழிகளிலிருந்து வந்தவை என்றாலும், அவற்றில் பல பஞ்சாங்கத்தின் வழியே நன்கு அறிந்த விண்மீன்களே: அல்டிபாரான் ரோகிணி, பெட்டல்ஜூஸ் திருவாதிரை, ரெகுலஸ் மகம், ஸ்பைக்கா சித்திரை, ஆர்க்டூரஸ் சுவாதி, அன்டாரஸ் கேட்டை, அல்டேர் திருவோணம். இந்த ஏழையும் வானத்தில் அடையாளம் காணக் கற்ற எவருக்கும் ஆண்டின் எந்த மாதத்திலும் கருவியை ஒருங்கமைக்கத் தக்க விண்மீன் ஒன்றாவது கிடைக்கும். பாட்டிமார் சொல்லித் தந்த அறிவு இவ்வாறு பயன்படுவது மகிழ்ச்சிக்குரியது. தேர்ந்தெடுக்கும் இரண்டும் வானில் நன்கு விலகி நிற்க வேண்டும். அருகருகே இருந்தால் சிறு பிழையும் தொலைவில் பெரிதாகும். விண்மீனைக் கண்வில்லையின் நடுவுக்குக் கொண்டுவருகையில், மேல் அம்பையும் வலது அம்பையும் கடைசியாக அழுத்தி முடிப்பது தேர்ந்தோர் வழக்கம். பற்சக்கரங்களுக்கு இடையேயுள்ள தளர்வு எப்போதும் ஒரே பக்கம் எடுபட்டிருக்க அது வழிசெய்கிறது. எட்டு சிறு மின்கலங்களை நம்பிய கருவி, மோட்டார் விரைந்து சுழலும்போது மின்னழுத்தம் தாழ்ந்து நினைவிழந்துவிடுவதும் உண்டு. 12 வோல்ட் மின்கலம் ஒன்றைச் சேர்த்து வாங்குவது செலவானாலும் தேவையானது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இக்கருவிக்குத் தனிப் பொருத்தமும் தனிச் சிக்கலும் உண்டு. சென்னையில் துருவ விண்மீன் ஏறத்தாழ 13 பாகை உயரத்திலும் யாழ்ப்பாணத்தில் 10 பாகைக்கும் குறைவாகவும் நிற்பதால், வீடுகளும் அடிவான மூட்டமும் அதை மறைத்துவிட, நடுவரை ஏந்தத்தைத் துருவத்துக்கு நேராக்குவது பெரும்பாடு. துருவத்தைக் கேட்காத உயர-திசை ஏந்தம் இங்கே ஒரு விடுதலை. ஆனால் உச்சியை ஒட்டிச் செல்லும் பொருளைத் தொடர்வதில் அது தடுமாறும். மகம் சென்னையின் உச்சியிலிருந்து ஏறத்தாழ 1 பாகை தெற்கே கடந்து செல்கிறது. அப்போது ஏறக்குறைய 9 நிமிடங்களுக்குள் கருவி 90 பாகை திரும்பியாக வேண்டும். ரோகிணியும் திருவோணமும் 5 பாகைக்கு உட்பட்ட தொலைவில் கடப்பவை. ஆகவே இவற்றை உச்சிவேளையில் ஒருங்கமைப்புக்குத் தேர்ந்தெடுக்காமல், கிழக்கிலோ மேற்கிலோ சாய்ந்து நிற்கையில் தேர்ந்தெடுப்பதே நல்லது.

2001-ஐ ஒட்டிப் புவியிடங்காட்டி பொருத்திய கருவிகள் வந்தபோது முதலிரண்டு கேள்விகளும் பயனாளரை விட்டு நீங்கின. சில ஆண்டுகளில் பெயர் தெரியாத எந்த மூன்று ஒளிப்புள்ளிகளைக் காட்டினாலும் அவற்றின் இடைக்கோணங்களைக் கொண்டு கருவியே அடையாளம் காணும் முறை வந்தது. பின்னர் செல்பேசியின் கேமராவே வானத்தைப் படமெடுத்து, விண்மீன் கோலத்தைப் பட்டியலோடு ஒப்பிட்டு, குழல் எங்கே நோக்குகிறது என்று சொல்லத் தொடங்கியது. கண்வில்லையே இல்லாமல் படத்தைச் செல்பேசித் திரைக்கு அனுப்பும் சிறு கருவிகளும் இப்போது பரவி வருகின்றன. உயர-திசை ஏந்தத்தில் நெடுநேரம் ஒளியைத் திரட்டினால் படத்தின் ஓரங்கள் சுழன்றுவிடும் என்பதால், இவற்றுள் சிலவற்றில் அடித்தளத்தையே வானத் துருவத்தை நோக்கிச் சாய்க்கும் முறை, பிரான்ஹோபரின் அதே அச்சு, திரும்பி வந்திருக்கிறது. சென்னையில் அந்த அச்சு தரையிலிருந்து 13 பாகையே உயர்ந்து கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்குமாதலால், எடை முழுவதும் வடக்கே தொங்கும் கருவி கவிழாதிருக்க, முக்காலியின் ஒரு காலை வடக்கு நோக்கி வைத்த பிறகே அதைச் சாய்க்க வேண்டும்.