விவாகரத்துக்குப் பின் பிள்ளைகளுக்கான வரி விலக்கு யாருக்கு?

வருமான வரி தாக்கல் செய்யும் காலம் வந்துவிட்டால், பிரிந்து வாழும் பெற்றோரிடையே ஆறிப்போன சண்டை மீண்டும் தலைதூக்குவது உண்டு. “பிள்ளை என்னிடம்தான் வளர்கிறான்” என்பார் தாய். “மாதந்தோறும் பணம் கட்டுவது நான்” என்பார் தந்தை. பேசித் தீர்க்காமல் இருவருமே ஒரே பிள்ளைக்கு முழு விலக்கையும் கோரிவிட்டால், பின்னர் வருமான வரி வாரியத்தின் கடிதம் வீடு தேடி வரலாம்.

மலேசியச் சட்டம் இதற்குத் தெளிவான வழி வைத்திருக்கிறது. மணவாழ்க்கை முறிந்ததற்கு யார் காரணம் என்று அது கேட்பதில்லை. பிள்ளையின் பராமரிப்புக்கு யார் செலவு செய்கிறார் என்பதையே கேட்கிறது. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 48ஆவது பிரிவில் இந்த விதி இருக்கிறது.

எவ்வளவு விலக்கு?

18 வயதுக்குக் குறைந்த, திருமணமாகாத ஒவ்வொரு பிள்ளைக்கும் 2,000 ரிங்கிட் விலக்கு உண்டு. 18 வயதைக் கடந்து உள்நாட்டில் டிப்ளோமா அல்லது அதற்கு மேற்பட்ட கல்வியை, அல்லது வெளிநாட்டில் பட்டப்படிப்பை முழு நேரமாகப் பயிலும் பிள்ளைக்கு 8,000 ரிங்கிட். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கான விலக்கு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 6,000 ரிங்கிட்டிலிருந்து 8,000 ரிங்கிட்டாக உயர்ந்துள்ளது.

இந்தத் தொகை கட்ட வேண்டிய வரியிலிருந்து நேரடியாகக் கழிக்கப்படுவதில்லை. வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்தே கழிக்கப்படுகிறது. எனவே, வருமானம் கூடியவருக்கு மிச்சமும் கூடும். 11 விழுக்காட்டு வரிப் படியில் இருப்பவருக்கு 2,000 ரிங்கிட் விலக்கால் மிச்சமாவது 220 ரிங்கிட். 6 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 120 ரிங்கிட். பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகே இது பெரிய தொகையாகிறது. 19 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 8,000 ரிங்கிட் விலக்கால் 1,520 ரிங்கிட் வரை மிச்சமாகும்.

ஒன்றாக வாழும் தம்பதியர்

கணவன், மனைவி இருவரும் வேலை செய்து தனித்தனியாக வரி தாக்கல் செய்தால், ஒரு பிள்ளைக்கு ஒருவர் மட்டுமே விலக்கு கோரலாம். இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஒருவரைக் கோரலாம், அல்லது இருவரையும் ஒருவரே கோரலாம். பொதுவாக, உயர்ந்த வரிப் படியில் இருப்பவர் கோருவது குடும்பத்துக்கு இலாபம்.

எடுத்துக்காட்டாக, மற்ற விலக்குகள் போகக் கணவரின் வருமானம் 60,000 ரிங்கிட், மனைவியின் வருமானம் 45,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளுக்கான 8,000 ரிங்கிட்டைக் கணவர் கோரினால் 880 ரிங்கிட் மிச்சம். மனைவி கோரினால் 480 ரிங்கிட் மட்டுமே.

பிரிந்து வாழ்ந்தால்

இதே தம்பதியர் பிரிந்துவிட்டால் கணக்கு மாறுகிறது. ஒரே பிள்ளைக்கு இருவரும் செலவு செய்து, இருவருக்கும் விலக்கு கோரும் உரிமை இருந்தால், ஆளுக்குப் பாதி. அதாவது 2,000 ரிங்கிட்டில் 1,000, 8,000 ரிங்கிட்டில் 4,000. வருமான வரிப் பாரத்தில் ‘100 விழுக்காடு’, ‘50 விழுக்காடு’ என்று இரண்டு இடங்கள் இருப்பது இதற்காகத்தான். அவசரத்தில் முதல் இடத்தில் எண்ணைப் போட்டுவிடுவதே சிக்கலுக்குத் தொடக்கமாகிவிடுகிறது.

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் உள்ளன. பிள்ளையின் காவல் உரிமை தாய்க்குக் கிடைத்துவிட்டால் தந்தைக்கு வரி விலக்கே இல்லை என்பது ஒன்று. நீதிமன்ற உத்தரவுப்படி பராமரிப்புத் தொகை செலுத்தும் தந்தைக்கும் உரிமை உண்டு. பிள்ளையைப் பார்க்க விடவில்லை என்பதால் முழு விலக்கும் தனக்கே என்பது இன்னொன்று. பிள்ளையைச் சந்திக்கும் உரிமை நீதிமன்றத்தில் கேட்க வேண்டியது. வரிப் பாரத்தில் அதற்குப் பதில் கிடைக்காது.

முன்னாள் மனைவிக்குக் கொடுக்கும் ஜீவனாம்சமும் பிள்ளைக்கான பராமரிப்புத் தொகையும் வேறு வேறு. ஜீவனாம்சத்துக்கு 4,000 ரிங்கிட் வரை தனி விலக்கு உண்டு. ஆனால் முறையான உடன்பாடோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல், விரும்பிக் கொடுக்கும் தொகை அதில் சேராது.

பணமே கொடுக்காதவர் கோரினால்?

வேதனையான நிலை இதுதான். பள்ளிக் கட்டணம், பேருந்துக் கட்டணம், மருத்துவம் என அனைத்தையும் தாய் ஒருவரே சுமக்க, மாதக்கணக்கில் ஒரு காசும் கொடுக்காத தந்தை விலக்கு கோருவது. பராமரிப்புக்குச் செலவு செய்யாதவருக்கு இந்த உரிமை இல்லை. ஆனால் வாரியத்துக்கு அதைக் காட்ட வேண்டியது ஆவணங்களே. பிறப்புச் சான்றிதழ், விவாகரத்து ஆணை, பராமரிப்பு உத்தரவு, வங்கிக் கணக்கு அறிக்கை, பள்ளி, மருந்தகப் பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை ஏழு ஆண்டுகள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். பணம் கொடுக்கும் தந்தையர் கையில் கொடுப்பதைத் தவிர்த்து, வங்கி வழியாக அனுப்புவது நல்லது. கையில் கொடுத்ததற்குச் சாட்சி இருக்காது.

நின்றுபோன பராமரிப்புத் தொகையை வரி வாரியம் வாங்கித் தராது. அதற்கு நீதிமன்றத்தையே நாட வேண்டும். முஸ்லிம் அல்லாதோருக்கு 1976ஆம் ஆண்டு திருமணம், விவாகரத்துச் சட்டமும், முஸ்லிம்களுக்கு ஷரியா நீதிமன்றமும் வழி செய்கின்றன. வரி விதி அனைவருக்கும் ஒன்றே.

தாத்தா பாட்டி, மாற்றாந்தந்தை

நம் குடும்பங்களில் பிரிந்த பெற்றோரின் பிள்ளைகளைத் தாத்தா பாட்டியோ அத்தையோ வளர்ப்பது புதிதல்ல. இருந்தாலும் வளர்ப்பதால் மட்டும் அவர்கள் இந்த விலக்கைப் பெற முடியாது. சட்டப்படி தத்தெடுத்திருக்க வேண்டும். மறுமணம் செய்தவர், மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளைக்குச் செலவு செய்தால் விலக்கு கோரலாம். பெற்ற தந்தையும் அதே பிள்ளைக்குக் கோருகிறாரா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

கடிதம் வந்துவிட்டால்

மின்தாக்கலின்போது ஆவணம் எதுவும் இணைக்கத் தேவையில்லை என்பதால், கோரியது அப்படியே ஏற்கப்பட்டுவிட்டதாக நினைக்கக்கூடாது. பின்னர் நடக்கும் தணிக்கையில் தவறு தெரிந்தால், கூடுதல் வரியுடன் அபராதமும் சேரும். வாரியத்தின் முடிவு சரியில்லை என்று கருதுபவர், மதிப்பீட்டு அறிவிப்பு கிடைத்த 30 நாள்களுக்குள் ‘கியூ’ பாரத்தின் மூலம் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தாலும் வரியைக் குறித்த நாளுக்குள் கட்டியாக வேண்டும்.

இத்தனை அலைச்சலையும் ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்க்கலாம். சம்பளம் மட்டும் பெறுவோர் பாரத்தை அனுப்பக் கடைசி நாள் ஏப்ரல் 30. அதற்கு முன்பே எந்தப் பிள்ளைக்கு யார், எத்தனை விழுக்காடு கோருவது என்று பேசி, ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுதி வைத்துக்கொள்ளலாம். விவாகரத்து இன்னும் முடியாதவர்கள், பிள்ளையின் செலவில் யாருக்கு எந்தப் பங்கு என்பதை உடன்பாட்டிலேயே எழுதச் சொல்லி வழக்கறிஞரிடம் கேட்கலாம். முதலாளியிடம் கொடுத்த பிள்ளைகளின் விவரத்தையும் மாற்ற மறக்க வேண்டாம். மாதந்தோறும் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரி அதை வைத்தே கணக்கிடப்படுகிறது.

சிறு பிள்ளைக்கான பாதி விலக்கால் கிடைப்பது பெரும்பாலும் நூறு ரிங்கிட்டை ஒட்டிய தொகைதான். அதற்காகத் தாயும் தந்தையும் மீண்டும் மோதிக்கொண்டால், நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளைதான்.