நொடியும் தாளமும்

ஜொகூர் பாருவினின்று கடற்பாலங் கடந்து சிங்கப்பூருக்குத் தொழிலுக்குச் செல்வோர், நெரிசலிற் காத்திருக்கையில் கைப்பேசியைத் தட்டிக்கொண்டிருத்தல் இன்று நாடோறும் காணும் காட்சி. அவருட் சிலர் ஆடுவது தாள விளையாட்டு. பாட்டு ஒலிக்கும், திரையில் கட்டங்கள் மேலிருந்து இறங்கும், தாளத்திற்கு ஒத்து விரல் அவற்றைத் தொடவேண்டும். இத்துணை எளிய ஆட்டம் மனத்தை ஈர்ப்பது எவ்வாறு? விடையின் ஒரு பகுதி நம் இலக்கணத்திலேயே உள்ளது.

எழுத்தின் ஒலியளவாகிய மாத்திரையை வரையறுத்த தொல்காப்பியர், இயல்பாய்க் கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் அளவாகக் கொண்டார். பின்வந்த இலக்கணத்தார் அந்நொடியையும் நான்காய்ப் பகுத்தனர். நொடிக்க எண்ணும்போதே கால் மாத்திரை கழிகிறது, விரலை ஊன்றுகையில் அரை, முறுக்குகையில் முக்கால், விடுக்கையில் ஒன்று நிறைகிறது. எண்ணமும் செயலின் ஒரு கூறே என்பது இதன் நுட்பம்.

இக்கால உளநூலார் கண்டதும் இதனோடு ஒத்துவருகிறது. சீரான தாளத்திற்கு விரல் தட்டுவோர், ஒலி எழுவதற்கு வினாடியில் நூற்றில் சில பங்கு முந்தியே தட்டுகின்றனர். அவர் ஒலியைக் கேட்டபின் தட்டுவதில்லை. வரும் ஒலியை மனம் முன்னரே எதிர்கொள்கிறது. எதிர்பார்த்தது எதிர்பார்த்த நொடியில் வந்து பொருந்துவதே தாள இன்பம்.

இவ்வின்பத்தை விளையாட்டாக்கியதும் தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்து வாழ்த்துக்காதையில் அம்மானை வரியும், பந்தாடும் மகளிர்க்குரிய கந்துக வரியும், ஊசல் வரியும், உலக்கை குற்றுவோர் பாடும் வள்ளைப் பாட்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. திருவாசகத்தில் திருவம்மானை, திருச்சாழல், திருத்தோணோக்கம் முதலியன ஆடல்களின் பெயரையே கொண்டுள்ளன.

ஜொகூர் வழியே செல்லும் இருப்புப்பாதை 1909-இல் நிறைவுற்றது. சிகாமட், லாபிஸ், குளுவாங், கூலாய் வட்டாரங்களின் ரப்பர்த் தோட்டங்களுக்கு வந்த தமிழர் கும்மியையும் கோலாட்டத்தையும் உடன்கொணர்ந்தனர். தோட்டத்து வரிசை வீடுகளுக்கு 'லயம்' என்று பெயர். 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகிய அதற்கு இசையின் லயத்தோடு பிறப்புறவு இல்லை. எனினும் அந்த லயத்து முற்றங்களில் இந்த லயமும் வாழ்ந்தது. பின்னர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன, சில நகராயின. ஜொகூர் பாருவின் மவுண்ட் ஆஸ்டின் பகுதியும் முன்னர் ரப்பர்த் தோட்டமே. முற்றம் போனவிடத்து வட்டமும் கலைந்தது.

இதனிடையே யப்பானில் தாளம் பொறிக்குள் புகுந்தது. 1996-இல் 'பராப்பா', 1997-இல் 'பீட்மேனியா', 1998-இல் காலால் மிதித்தாடும் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்', 2001-இல் முரசறையும் 'தைக்கோ நோ தத்சுஜின்' என வரிசையாய் வந்தன. 2008-இல் 'டேப் டேப் ரெவெஞ்ச்' அதனைக் கைப்பேசிக்குக் கொணர்ந்தது. 2014-இல் பரவிய 'பியானோ டைல்ஸ்' இன்னும் எளிமை உடையது: கருங்கட்டத்தைத் தொட்டால் ஓர் இசைக்குறி ஒலிக்கும், வெண்கட்டத்தைத் தொட்டால் ஆட்டம் முடியும். இசை கல்லாதவனும் தானே வாசிப்பதாய் உணர்கிறான். பிழையும் வெற்றியும் அக்கணமே தெரிகின்றன. தோற்றவன் உடனே மீண்டும் தொடங்கலாம். பேருந்து வருமுன் ஓர் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. கோலாட்டத்தில் ஒருவர் தாளந் தப்பினால் எதிர்நிற்பவர் கோல் வெறுங்காற்றில் வீசும். சில வேளை விரலிலும் படும். ஆதலின் ஒருவர் மற்றவர்க்காகவும் தாளங் காத்தனர். இளையார் தடுமாறினால் மூத்தார் நடை தளர்த்தினர். திரை எவர்க்காகவும் தளராது. ஆடுவோன் தப்பினால் இழப்பது எண்ணிக்கை மட்டுமே. விரலின் இன்பம் நிலைத்தது. பிறர்க்காகக் காக்கும் பழக்கம் கழிந்தது.

ஆகவே கைப்பேசியைப் பழிப்பதினும் பயன்கொள்வது நன்று. குறிலும் நெடிலும், நேரும் நிரையும் மாணவர்க்குக் கசப்பனவாய் உள்ளன. அவர்தம் விரலோ தாளத்தை நன்கறியும். வகுப்பை வட்டமாய் நிறுத்திக் கைதட்டி மாத்திரை எண்ணச் செய்தால், யாப்பும் விளங்கும். கலைந்த வட்டமும் சிறிது நேரமேனும் கூடும். அதனைச் செய்ய ஒரு வகுப்பறை போதும்.